பதின்மூன்றாவது பட்டியல்

“மேல் வீட்டம்மாகிட்ட சொல்லிட்டு வந்துடறேங்க” என்று மேஜரின் மனைவி கிளம்பினாள். முகம் கழுவி, தலைவாரி, இருந்ததில் நல்லதாக ஒன்றை உடுத்தியிருந்தாள். கையில் நாலாக மடித்த ஒரு தாள். ஒன்பதாம் எண் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த மேஜர் தலையை மட்டும் ஆட்டினார்.

மேல் வீட்டில் இருப்பவர் கர்னல், மேஜரின் மேலதிகாரி. அதனால் இரண்டு வருடமாகப் படியில் கர்னலின் மனைவி எதிர்ப்பட்டால் இவள் ஒதுங்கி நின்று வழிவிடுவாள். வாய் வலிக்கிற அளவுக்குச் சிரிப்பாள். கணவன் சல்யூட் அடிக்கிற இடத்தில் மனைவி சிரிக்க வேண்டும் என்பது பட்டாளத்தில் எழுதி வைக்காத சட்டம்.

கல்யாணமான பதினாறு வருடத்தில் இது பத்தாவது ஊர் மாற்றம். கறுப்புப் பெட்டிகள் பன்னிரண்டு, ஒவ்வொன்றின் மூடியிலும் வெள்ளைப் பெயின்ட்டில் எண், உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் கைப்பட எழுதிய பட்டியல். ஏழாம் எண் பெட்டியை மூன்று ஊர்களாகத் திறக்கவே இல்லை. ஜன்னல் திரைகளை அடியில் ஒரு சாண் மடித்துத்தான் தைப்பாள். அடுத்த வீட்டு ஜன்னல் எவ்வளவு உயரமோ, யார் கண்டது.

இதெல்லாம் பழகிப்போனதுதான். இந்த முறை மகளை நினைத்தால்தான் இருவருக்கும் சோறு இறங்கவில்லை. பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வுக்கு இன்னும் நான்கே மாதம், இது அவளுக்கு ஏழாவது பள்ளிக்கூடம். இங்கேதான் முதல்முறையாக அவளுக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்திருந்தது. பட்டப்பெயர் வைக்க எப்படியும் ஒரு வருடமாவது ஆகும். மற்ற ஊர்களில் அதற்குள் கிளப்பிவிட்டார்கள்.

“பரிட்சை முடியற வரைக்கும் மட்டும்ப்பா” என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அதற்கப்புறம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதிருந்தால்கூட மேஜருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவரும் சும்மா இருக்கவில்லை. இங்கிருந்து யாராவது ஒரு மேஜர் போயாக வேண்டும், யார் என்று எழுதுவது கர்னல்தான். வெட்கத்தை விட்டு அவர் முன் போய் நின்றார். ஊரில் உங்கள் வீட்டுப் பெண் மட்டும்தான் படிக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கர்னல் அடுத்த கோப்பைப் புரட்டினார்.

நேற்று மத்தியானம் பட்டியல்களை அடுக்கும்போது மகள்தான் எண்ணிப் பார்த்தாள். “பெட்டி பன்னெண்டுதானேம்மா, பட்டியல் பதிமூணு இருக்கு?”

“அது கையில கொண்டுபோறது” என்று அம்மா அந்தத் தாளை வாங்கி மடித்துக்கொண்டாள்.

மேலே போனவள் அரைமணி நேரத்தில் இறங்கி வந்தாள். கையில் தாள் இல்லை. முகத்தில் அப்படி ஒரு களை. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தாள். பிரிகிற நேரத்தில் பெண்களுக்குள் இப்படி ஒட்டிக்கொள்கிறதே என்று மேஜருக்கு நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது. ரெண்டு பேரும் அழுதீங்களா என்று கேட்டார்.

“அவங்க வாயே திறக்கலைங்க” என்றாள்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கர்னல் ஆள் அனுப்பினார். போன மேஜர் ஒரு மணி நேரம் கழித்துத் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து, ஒன்பதாம் எண் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

“நாம போகல” என்றார்.

கல்யாணமாகாத இன்னொரு மேஜரை அனுப்புகிறார்களாம், அவன் சந்தோஷமாகத்தான் போகிறானாம், இவர்களுக்கு இன்னும் ஒரு வருடம் இங்கேயேதானாம். அறைக் கதவு திறந்தது. மகள் நேராக வந்து நாலாம் எண் பெட்டியின் கயிற்றைப் பல்லால் இழுத்து அவிழ்த்து, தன் புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். மேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைத் தூசி என்று சொல்லவும் அவருக்குத் தோன்றவில்லை.

“கர்னல் எங்க மனசு மாறினார்? அந்தம்மாதான் சாப்பாட்டு நேரத்துல பிடிச்ச பிடியா நின்னாங்களாம். கீழ் வீட்டுக்காரங்க போகவே கூடாதுன்னு” என்றார். “அப்படி என்ன சொன்ன அவங்ககிட்ட?”

மனைவி மடித்த திரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“ஒரு வருஷமா?” என்று மட்டும் கேட்டாள்.

கதவு தட்டப்பட்டது. மேல் வீட்டம்மா நின்றிருந்தாள். இந்த இரண்டு வருடத்தில் அவள் இந்த வாசலுக்கு வருவது இதுதான் முதல்முறை. மூக்கில் கண்ணாடி, கையில் அந்தத் தாள். மேஜர் பதறி எழுந்து சல்யூட் அடிக்கப் போனார். அவரை அவள் கவனிக்கவே இல்லை. அவர் எழுந்த பெட்டியில் யாரும் சொல்லாமலேயே உட்கார்ந்து, தாளைப் பிரித்து, மேஜரின் மனைவியை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஈரத்துணிய உங்க துணிமேல சொட்ட விட்டது என் தப்புதான். மீதிப் பதினெட்டுக் குத்தத்துக்கும் எங்கிட்ட பதில் இருக்கு, அதைக் கேக்காம ஊரை விட்டு ஓடிடலாம்னு பாத்தீங்களா?”