துவக்கை எறிந்தவன்

அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போன மரியதாஸ் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிச் செத்தான் என்று அன்று செய்தி வந்தது. சொந்த ஊரான தொம்மலூரே அவன் மனைவி பிலோமினாவின் வீட்டின்மேல் கல்லெறிந்தது.

இத்தனை காலம் கழித்து, இன்று அதே தெருவில் அவனுக்குக் கல்வெட்டு. நடந்ததைப் பட்டாளத்துக்குச் சாட்சி சொன்ன யாழ்ப்பாணத்துப் பெரியவர் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். காபியைத் தொடவில்லை.

"எப்டி செத்தாரு? மறைக்காம சொல்லுங்கண்ணா."

"ரெண்டு பக்கமும் சூடு. நடுத்தெருவில ஒரு பொடியன், கால் சிதைஞ்சு கத்திக்கொண்டு கிடந்தவன். உங்கட மனுசன் துவக்கை எறிஞ்சுபோட்டு ஓடிப்போய்த் தூக்கினவர். தொடையில வெடி. விழேல்ல. வயித்தில வெடி. குடல் சரிஞ்சும், பொடியனை மதிலோரம் கொண்டுபோய்க் கிடத்திப்போட்டுத்தான் விழுந்தவர்."

பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தப் பையன்?"

"இருக்கிறான். என்ர மகன்."

அவள் எழுந்து அவர் கைகளைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "சுட்ட பாவி நல்லா இருப்பானா அண்ணா?"

"கையை விடுங்கோ தங்கச்சி. ஆமிக்காரன் ஓடிவாறான் எண்டுதான் நினைச்சனான். தூக்கினது என்ர பிள்ளையை எண்டு கிட்டப் போய்த்தான் கண்டனான்."

கைகளை அவரே உருவிக்கொண்டார்.

"சுட்டது இந்தக் கைதான்."