நான்காவது தாவல்

“‘நான்காவது தாவலில் இடது கால் பிசகியது. அந்தப் பிசகையாவது காட்டியிருந்தால் ஒரு நடனத்தைப் பார்த்திருப்போம்.’ யாருய்யா இந்தத் தராசு? புனைபெயர்ல ஒளிஞ்சுக்கிட்டு எழுதற பய!” இயக்குநர் பத்திரிகையை மேசைமேல் அறைந்தார்.

நடனக் கலைஞரைப் பற்றி அவர் எடுத்த ஆவணப்படத்தை மற்ற ஒன்பது விமர்சனங்களும் தலையில் தூக்கிவைத்து ஆடியிருந்தன. இது ஒன்றுதான் காறித் துப்பியிருந்தது.

துப்பியதைத் துடைத்துக்கொண்டு போகலாம். ஆனால் அந்தக் கால்தான் அவரைக் குடைந்தது. படம் முழுக்க முகம்தான். கேமரா இடுப்புக்குக் கீழே இறங்கவே இல்லை. பாதம் தரையில் விழும் சத்தத்தையும் நீக்கிவிட்டு, வயலினை ஓடவிட்டிருந்தார். கண்ணுக்கும் தெரியாத, காதுக்கும் கேட்காத பிசகு, தராசுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

“நேர்ல பார்த்தவன்தான் எழுதியிருக்கணும்.” விரலை மடக்கினார். “அன்னிக்கு அரங்குல இருந்தது மூணே பேர். நான் எழுதல. ஒலிப்பதிவுக்காரர் குனிஞ்ச தலை நிமிரல, அவர் பார்வை பூரா கருவி மேலதான். மிச்சம் நீ!”

ஒளிப்பதிவாளர் எழுந்தேவிட்டார். “காலையும் எடுக்கலாம்னு கெஞ்சினேன், நெசம்தான். அதுக்காகச் சோறு போட்ட கைக்கே சூடு வைப்பேனா சார்?”

“கெஞ்சினேல்ல? அந்தக் கடுப்புதான்! அடுத்த படத்துக்கு நீ வேணாம். கெளம்பு.”

சுவரொட்டிப் படத்துக்காக ஒப்பனையோடு ஒரு மணி நேரமாய் மூலையில் காத்திருந்த நடனக் கலைஞர் நிமிர்ந்தார். “சார், நான் ஒண்ணு சொல்லலாமா?”

“இது தொழில் விஷயம்மா, உங்களுக்குப் புரியாது. முகத்துல அந்தச் சோகம் மட்டும் கலையாம பார்த்துக்குங்க, போதும்.”

ஒளிப்பதிவாளர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பதினாறு வருடப் பழக்கம்.

அவர் கதவை எட்டுவதற்குள் நடனக் கலைஞர் குறுக்கே வந்து நின்றார்.

“அன்னிக்கு ஆடுறதுக்குன்னு ஒருத்தி வந்திருந்தாளே சார், அவதான் எழுதினா.”