நாலாம் நம்பர் ரத்தம்

"தமிழ்ச்செல்வன், நாலாம் நம்பர் குழாயை மாத்தி வச்சிட்டே!" என்று சீறினாள் சுப்ரியா.

பேகம்பேட்டில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்துக்கு அவள்தான் தலைவி. கருவுற்ற முதல் வாரங்களில் பெண்களின் ரத்தத்தில் என்னென்ன மாறுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்கக் கருவுறாதவர்களின் ரத்தமும் வேண்டுமே! வழக்கம்போல ஆய்வுக்கூடத்துப் பெண்களே கொடுத்திருந்தார்கள்.

"மாத்தலை மேடம். அமினோ அமிலம் எல்லாம் இறங்கியிருக்கு. சந்தேகத்துக்கு ஹார்மோன் டெஸ்ட்டும் பண்ணிட்டேன். கர்ப்பம்தான்."

சுப்ரியா டீக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். காலையிலிருந்தே அந்த வாசனை குமட்டியது. மகள் கல்யாணத்துக்கு அலைகிற அசதி.

"நாலாம் நம்பர் ஹர்ஷிதாவுக்குக் கொடுத்ததுதானே? கல்யாணமாகாத பொண்ணு! லோத்குண்டாவுல எங்க பக்கத்து வீடு. என்னை நம்பித்தான் வேலைக்கு அனுப்பினாங்க. இப்பவே அவ அம்மாகிட்ட சொல்லிடறேன்."

"மேடம், அவசரப்படாதீங்க..."

"நக்கோ, வேண்டாம், நீ குறுக்கே பேசாதே." போனில் எண்ணை அழுத்திவிட்டாள்.

"மேடம், ஹர்ஷிதா ரத்தமே கொடுக்கலை! ஊசியைப் பார்த்ததும் மயங்கிட்டா. 'இதுக்குப் போயா? என்கிட்ட எடு'ன்னு நீங்கதான் கையை நீட்டினீங்க. அந்தக் குழாயில இருக்கிறது உங்க ரத்தம்."

நாற்பத்தாறு வயது சுப்ரியா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"சொல்லு சுப்ரியா," என்றது போன். "பொண்ணு கல்யாண வேலையெல்லாம் எப்படிப் போகுது?"