படத்துக்குப் பம்பை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லக்கூடிய சங்கதி இல்லை இது.

"அண்ணே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். அந்தப் படத்தை இங்க போடாதீங்க."

ரஞ்சிதம் கும்பிட்ட கையை இறக்கவில்லை. சிங்கவரத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருந்தாள்.

பாண்டுரங்கன் நிமிர்ந்து பார்க்கவில்லை. செஞ்சிக் கடைத்தெருவில் மளிகைக்கடை ஆதிநாராயணன் மகன் அவன். மெட்ராஸில் சினிமாப் படிப்பு. பரீட்சைக்காகக் கோட்டையில் ஒரு சின்னப் படம் எடுத்திருந்தான். காவல்காரனுக்குத் தண்ணீர் சுமந்து மலையேறுகிற பெண்ணின் கதை. அந்தப் பெண் ரஞ்சிதம்தான்.

ஊமைப் படம். படம் ஓடும்போது பக்கத்தில் தனியாகப் பாட்டு வைக்க வேண்டும். கடைக்குப் பின்னால் கிடங்கில் உட்கார்ந்து, கிராமபோனில் வயலின் இசைத்தட்டை ஓடவிட்டு, எந்த இடத்துக்கு எது ஒட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"மெட்ராஸ்ல வாத்தியாருங்க மட்டும்தான் பாப்பாங்கன்னு சொல்லித்தானே நடிக்க வச்சீங்க?"

"நான் இன்னா பண்றது? நைனா தாசில்தாரு வரைக்கும் சொல்லிட்டாரு. நாளைக்குச் சாயங்காலம் சந்தைமேட்டுல படம்."

"மாப்ள வூட்டுக்காரங்க வராங்கண்ணே. மூத்த மவனுக்குப் பாத்த பொண்ணு இஸ்கூல் நாடகத்துல ஆடுனான்னு வேணாம்னுட்டவரு என் மாமனாரு. இது தெரிஞ்சா தை மாசம் எனக்குக் கல்யாணம் கெடையாது. எங்க நைனா என்னைக் கெணத்துல தள்ளிடும்."

"நீ வர்ற எடத்தையெல்லாம் வெட்டுனா வெறும் மலைதான் மிச்சம். என் படிப்பு போயிடும்."

"பாட்டுப் பொட்டியா தம்பி அது?"

இரண்டு பேரும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார்கள்.

கதவோரம் சாமுண்டீஸ்வரி. மேல்மலையனூர்க்காரி. ரஞ்சிதத்துக்குப் பரிசம் போட்டிருக்கும் மாமியார். கல்யாணத்துக்கு மஞ்சளும் குங்குமமும் வாங்க வந்தவள் எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ!

"அத்தை... நான் சும்மா... வெல்லம் வாங்க..." ரஞ்சிதம் அவசரமாகப் பின்னால் நகர்ந்தாள்.

சாமுண்டீஸ்வரி அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"பூனைய வாலப் புடிச்சு இழுத்தாப்ல இருக்குது. சந்தைமேட்டுக் கூட்டத்துல இது எவன் காதுல வுழும்? எங்க ஊரு பம்பக்காரரை அனுப்பறேன். பம்பை மேளம் அடிச்சா படம் தூக்கிக்கும்."

பாண்டுரங்கனுக்கு முகம் மலர்ந்தது. "நல்ல யோசனைம்மா! வாத்தியாருங்களுக்கும் புடிக்கும்."

"எங்க வூட்டுக்காரரையும் கூட்டியாறேன். சொந்தம் மொத்தமும் வரும்."

ரஞ்சிதம் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் பம்பைக்கார வீராசாமிக்கே மனசு ஒப்பவில்லை. "தம்பி, இது கோயில்ல அம்மாவைக் கூப்புடற வாத்தியம். வெளையாட்டுக்கு அடிக்கக் கூடாது. யாரு மேலயாச்சும் எறங்கிட்டா?"

"எறங்கட்டுமே பெரியவரே. எடம் தாராளமா இருக்குது" என்று சிரித்தான் பாண்டுரங்கன்.

பொழுது சாய்ந்தது. இரண்டு மூங்கிலுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். முன்னால் நாற்காலியில் தாசில்தார். பக்கத்தில் மாமனார் சிங்காரவேலு, மீசையை நீவிக்கொண்டு. பெண்கள் பக்கத்தில் ரஞ்சிதத்தின் கையைப் பிடித்து இழுத்துத் தன்னோடு உட்கார வைத்துக்கொண்டாள் சாமுண்டீஸ்வரி. எழுந்து ஓடவும் வழியில்லை.

துணியில் கோட்டையின் ராஜகிரி மலை வந்தது. கூட்டம் கைதட்டியது. படிக்கட்டு வந்தது. படியில் ஒரு பெண்ணின் கால்கள் வந்தன.

பம்பை வேகம் பிடித்தது.

படம் காலிலிருந்து மேலே ஏறியது. பாவாடை. இடுப்பில் குடம். குடத்தை அணைத்த கை. ரஞ்சிதம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஏஏய்!"

பக்கத்திலிருந்து அலறல். சாமுண்டீஸ்வரி கொண்டை அவிழ எழுந்து நின்றாள். கூட்டம் சிதறியது. ஆடிக்கொண்டே ஓடியவள் துணியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். மூங்கில் சாய்ந்தது. துணியெல்லாம் அவள் உடம்பில் சுற்றிக்கொண்டது. முகம் வந்து விழ வேண்டிய வெளிச்சம் வெட்டவெளியில் போய்க் கரைந்தது.

"அட, படத்தைக் கெடுத்துட்டாளே பாவி!"

"வாயக் கழுவுடா! அம்மா வந்திருக்கா!"

சிங்காரவேலு ஓடிப்போய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "தாயே, இன்னா கொற வச்சோம்?"

"என் பம்பைய அடிச்சுப் பொம்மையாடா காட்டறீங்க? இது இந்த மண்ணுல ஓடக் கூடாது! எங்க படிக்கிறானோ அங்கயே எடுத்துக்கினு போவச் சொல்லு!"

"ஆவட்டும் தாயே! டேய், மிஷினை அமத்துடா!"

கற்பூரம் கொளுத்திக் காட்டினார்கள். அம்மா மலையேறினாள். தாசில்தார் வேட்டியைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாண்டுரங்கன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "இந்த ஊர்ல படம் போட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று பல்லைக் கடித்தான்.

மறுநாள் காலையில் அவன் மெட்ராஸ் பஸ்ஸுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது கிடங்குக்குள் சாமுண்டீஸ்வரி வந்தாள். தனியாக.

"இன்னும் இன்னாம்மா பாக்கி? அதான் நாசம் பண்ணியாச்சே!"

அவள் தெருப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"பாட்டு கீட்டு எதுவும் வேணாம் தம்பி. எம் மருமவ எப்படி நடிச்சிருக்கறான்னு நானும் பாக்கணும். ஓட்டு" என்று சொல்லி, சர்க்கரை மூட்டைமேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.