பொன்னேரிக்குப் போகிற வண்டி

"மாமா, நீ எறங்கு. நான் மாட்டுறேன். புள்ளய எடுத்தாற வேண்டிய நாளுல பெத்தவனா குந்தினு வண்டி ரிப்பேர் பாக்குறது?" என்றான் தேவேந்திரன்.

பூபதி இறங்கவில்லை. குட்டி யானை மினி லாரியின் சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு எஞ்சினுக்குள் குனிந்திருந்தார்.

"இந்த வண்டியப் பத்தி ஒனக்கு இன்னா தெரியும் மச்சான்? அந்தப் பிளக் ஸ்பேனர எடு."

மீனும் ஐஸ் பெட்டியும் சுமந்து உழைத்த பழைய பெட்ரோல் வண்டி. பத்து நாளாக வீட்டு வாசலில் சும்மா நின்றதில் உப்புக்காற்று தன் வேலையைக் காட்டிவிட்டது. காலையிலிருந்து சாவியைத் திருகித் திருகிப் பார்த்தாயிற்று. இருமுகிறதே தவிர, ஸ்டார்ட் ஆகவில்லை. மனுஷனுக்குக் கஷ்டம் வந்தால் வண்டிக்குக்கூடத் தெரிந்துவிடும் போலிருக்கிறது.

"ஆஸ்பத்திரி வண்டிதான் தர்றன்னாங்களே, அது இன்னா ஆச்சு?"

"சாயங்காலந்தான் காலியாவுமாம். அது வந்து சேர்றதுக்குள்ள இருட்டிப்பூடும். இன்னிக்கும் அடக்கம் ஆவலன்னா ஊருல இன்னொரு நாள் அடுப்பு எரியாதுடா."

அவர் சொன்னதில் பொய் இல்லை. பூபதியின் மகன் விஜய் போன போட் ஏரி முகத்துவாரத்தில் அலையடித்துக் கவிழ்ந்தபோது, கூடப் போன இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். விஜய் வரவில்லை. தண்ணீரில் போனவனை எடுத்து அடக்கம் செய்கிற வரைக்கும் அந்தக் குப்பத்தில் யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது. கடலுக்கும் கிடையாது, ஏரிக்கும் கிடையாது. ஊர்க் கட்டுப்பாடு அப்படி. தேடப் போன போட்டெல்லாம் வெறுமனே திரும்பி வந்து மணலில் கிடந்தன. அன்றன்றைக்குப் போனால்தான் சோறு என்கிற ஜனம். தேவேந்திரன் வீட்டிலேயே ரேஷன் அரிசிக் கஞ்சிதான் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒருத்தன் வாயத் தொறந்து கேக்கலடா," என்றார் பூபதி, எஞ்சினைப் பார்த்தபடியே. "எப்பப்பா முடியும்னு ஒருத்தன் கேக்கல. எதுர வந்தா தலையக் குனிஞ்சிக்கினு போறானுங்க. நேத்து மூலை வீட்டுக் கொழந்த பசிக்கு அழுவுது, அவங்கம்மா அது வாயப் பொத்துறா. எனக்குக் கேட்டுடப் போவுதுன்னு பொத்துறா. பாத்துட்டேன். அப்பிடியே செத்துடலாம்னு இருந்திச்சு."

நேற்றைக்குத்தான் சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் ஏரியில் ஓர் உடல் ஒதுங்கியிருப்பதாகப் போலீஸிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பொன்னேரி ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம், வந்து அடையாளம் சொல்லுங்கள் என்றார்கள். பூபதி தனியாகத்தான் பஸ் ஏறினார். தேவேந்திரன் எவ்வளவு கேட்டும் கூட்டிப்போகவில்லை. பொழுது சாய்ந்து திரும்பி வந்தவர், "நம்ம புள்ளதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

"மொகம் தெரிஞ்சிதா மாமா?"

"இத்தினி நாள் தண்ணியில ஊறுனது மொகமாவா இருக்கும்? இடுப்புக் கயித்தப் பாத்துச் சொன்னேன்."

வாசற்படியில் மாலா உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். அவளோ வண்டியையும் புருஷனையுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா கல்லு மாதிரி குந்தினு இருக்கு," என்று தேவேந்திரன் குரலைத் தாழ்த்தினான். "வாய் விட்டு அழுதாத் தேவல மாமா. எனக்கு பயமா இருக்கு."

பூபதி பிளக்கைச் சுற்றிக் கிடந்த மணலை ஊதித் தள்ளிவிட்டு, ஸ்பேனரைப் போட்டு அழுத்தினார். முதல் பிளக் சட்டென்று வந்துவிட்டது. முனையெல்லாம் கரி. இரண்டாவது துருவேறி அடம்பிடித்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கொஞ்சம் பொறுத்து, முன்னும் பின்னும் அசைத்துக் கழற்றினார்.

"புதுச ஒண்ணாவது நான் மாட்டுறேன், குடு," என்று தேவேந்திரன் பிடிவாதமாக வாங்கினான். ஓட்டையில் வைத்துத் திருகினான். கோணலாக ஏறியது. எடுத்து மறுபடி வைத்தான். மறுபடியும் கோணல்.

"விடுடா. மரை போச்சுன்னா எஞ்சினே போச்சு."

"முடியல மாமா. தூக்கி வளத்த புள்ள," என்று சொல்லி அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பூபதி பிளக்கை வாங்கினார். விரல் நுனியாலேயே மரையைத் தேடிப் பிடித்து, நிதானமாகச் சுற்றி இறக்கினார். அடுத்ததையும் அப்படியே இறக்கினார். ஸ்பேனரால் அளவாக இறுக்கி, ஒயர்களைச் சொருகி, சீட்டைப் படுக்கப் போட்டார். சாவியைத் திருகியதும் வண்டி பிடித்துக்கொண்டது.

சத்தம் கேட்டுத் தெருவில் ஆண்கள் எழுந்து நின்றார்கள். ஒருவன் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழி வெட்ட ஆள் கூட்டிவரக் கிளம்பினான். தேவேந்திரன் வெள்ளைத் துணி எடுத்துவர உள்ளே ஓடினான்.

அப்போதுதான் மாலா எழுந்து வந்தாள். டிரைவர் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"யோவ், அது நம்ம புள்ளயா இருந்தா, பிளக் மாட்டசொல்ல ஒன் கை இப்பிடி நடுங்காம இருந்திருக்காது. யாரு பெத்ததோ, பத்திரமாக் கொண்டா. நான் அழுவுறேன், ஊரு தொழிலுக்குப் போவட்டும்."