ராசா மாதிரி இருக்கேன்

துபாயில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்ட பூமிநாதன், பேச்சும் அசைவும் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தான். தலைமாட்டில் ஒரு பெட்டி வைத்தார்கள். மூளை அலைகளைப் படித்து, அவன் மனதில் இருப்பதை அவன் குரலிலேயே அது நாள் முழுக்கப் பேசியது. அதைப் பழக்க, அத்தனை வருஷமும் அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை அவன் மனைவி இளவஞ்சிதான் ஆசையாக எடுத்துக் கொடுத்திருந்தாள்.

மாதம் ஒருமுறை வரும் நர்ஸ் ஸ்டெல்லா, அன்று அவனைப் புரட்டியதும் உறைந்து நின்றாள்.

"என்னக்கா இது! படுக்கைப் புண்ணு எலும்பு வரைக்கும் போயிருக்கு. புரட்டிப் போடவே இல்லையா?"

"புரட்டப் போனாலே வேணாம், இப்படியே சொகமா இருக்குங்கறாரு சிஸ்டர்."

இளவஞ்சி அவன் முகத்தருகே குனிந்தாள். "வலிக்குதாங்க?"

"எனக்கென்ன வஞ்சி, ராசா மாதிரி இருக்கேன். நீ சாப்பிட்டியா?" என்றது பெட்டி.

முன்பு ஒருமுறை துபாய் வெயிலில் சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவன் இதையேதான் சொல்லி அனுப்பியிருந்தான். அடுத்த லீவில் அவன் ஊருக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உண்மை தெரிந்தது.

பாய்ந்து பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். அப்போதும் அறை அமைதியாகவில்லை. இத்தனை நாள் பெட்டியின் பேச்சில் அமுங்கிப்போயிருந்த ஒரு முனகல் அவன் தொண்டைக்குள்ளிருந்து விடாமல் வந்துகொண்டிருந்தது. பல நாள் கத்திக் கத்திக் கம்மிப்போன குரல் அது.