சேஃப்டி நிக்கலை

துப்பாக்கித் தொழிற்சாலையின் கேன்டீனிலிருந்து திரும்பியதும் அவள் தன் மேசையைப் பார்த்தாள். மறுபடியும் ரெண்டு துப்பாக்கி! ரெண்டிலும் சிவப்பு நாடா. நாடாவில் ஒரு சீட்டு: ‘சேஃப்டி நிக்கலை. திரும்பப் பார்க்கவும்.’

யார் எழுதியது என்று கேட்கவே வேண்டாம். வீட்டில் மளிகைச் சீட்டு எழுதுகிற அதே சாய்ந்த எழுத்து. மருமகள்!

“என்ன தங்கக்கை, மருமக இன்னிக்கும் சீர் அனுப்பிட்டாளா?” எதிர் மேசைக்காரி கண்ணடித்தாள். “ஊருல எல்லாம் மாமியார்தான் மருமகளைக் குத்தம் சொல்லுவா. உங்க வீட்டுல எல்லாமே தலைகீழ்!”

பிரிவே சிரித்தது. அவளுக்குக் காது மடல் சுட்டது.

உதிரிகளைச் சேர்த்துத் துப்பாக்கி பூட்டுகிற வேலை அவளுக்கு. இருபத்தாறு வருஷத்தில் அவள் பூட்டியது எதுவும் ரிஜெக்ட் ஆனதில்லை. அதனால்தான் ‘தங்கக்கை’. மூன்று மாதத்துக்கு முன் புது மாடல் வந்தது. பரிசோதனைப் பிரிவில் இருந்த மருமகள் சிவப்பு நாடா கட்ட ஆரம்பித்தாள்.

“உங்க மேசைக்கு எல்லாம் எதுவும் திரும்பி வரலையேடி. எனக்கு மட்டும் ஏன்?”

“இதுகூடப் புரியலையா? வீட்டுல காட்ட முடியாத அதிகாரத்தை இங்க காட்டறா.”

சுருக்கென்று தைத்தது. ஆனால் முழுசாக நம்பவும் முடியவில்லை. பகலில் மானத்தை வாங்குகிறவள், சாயங்காலமானால் தைலத்தைச் சூடு பண்ணிக்கொண்டு வந்து மாமியாரின் முழங்காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறாளே!

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் கேட்டே விட்டாள்.

“ஏம்மா, மொத்தத் தொழிற்சாலையிலும் என் துப்பாக்கிதான் உன் கண்ணுக்குத் தெரியுதா?”

மகன் செய்தித்தாளை உயர்த்தி அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

“அத்தை, சேஃப்டி பூட்டைப் போட்டுட்டு ட்ரிக்கரை இழுக்கறேன். அடிக்கலை, சரி. கையை எடுத்துட்டு சேஃப்டியை விடுவிச்சா, உள்ள தானா ‘டக்’னு அடிக்குது. ட்ரிக்கரைத் தொடவே இல்லை! உள்ள குண்டு இருந்திருந்தா?”

“இருபத்தாறு வருஷமா...”

“அது பழைய மாடல் அத்தை. இதுல ஸ்பிரிங் ஒரு மயிரிழை அதிக நீளம். உட்கார வெச்சதும் நகத்தால ஒரு தட்டு தட்டிப் பாருங்க. கொக்கியில விழுந்திருந்தா சத்தம் வராது.”

“மத்தவங்களுக்கு மட்டும் ஸ்பிரிங் குட்டையா வந்துடுச்சாக்கும்?”

மருமகள் குனிந்து தைலத்தைத் தேய்த்தாள்.

அடுத்த வாரம் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். புது மாடலில் ஆறு ரிஜெக்டுக்கு மேல் போனால் பேக்கிங் பிரிவுக்கு மாற்றம் என்று உத்தரவு. அவளிடம் சேர்ந்திருந்ததோ பத்தொன்பது சீட்டு. எல்லாவற்றையும் உள்ளங்கையில் மடக்கிக்கொண்டு போனாள். அவர் வாயைத் திறப்பதற்குள் நாமே முந்திக்கொள்ள வேண்டியதுதான்.

“சார், என் மருமகளை வேற இடத்துக்கு மாத்துங்க. என் துப்பாக்கியை வேற யாராவது பார்க்கட்டும்.”

மேனேஜர் விழித்தார். “முதல்ல உட்காருங்கம்மா. நான் கூப்பிட்டது பாராட்ட.”

“பாராட்டவா?”

“இந்த மூணு மாசத்துல உங்க பிரிவுல நூத்திப் பதினேழு ரிஜெக்ட். எல்லாத்துக்கும் அந்த ஸ்பிரிங்தான் காரணம். உங்க மருமகதான் முதல்ல கண்டுபிடிச்சு எழுதிக் கொடுத்தாங்க. சரக்கு அனுப்பினவன் இப்பதான் ஒத்துக்கிட்டான். எல்லார் பேருலயும் ரிஜெக்ட் இருக்கு. உங்க பேருல மட்டும் ஒண்ணுகூட இல்லை! எப்படிம்மா?”

கைக்குள் இருந்த சீட்டுகளை அவள் இன்னும் இறுக்கினாள்.

“ஒண்ணுகூட இல்லையா? நல்லா பார்த்தீங்களா சார்?”

பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். அவள் பெயருக்கு நேரே வெறும் கோடு.

“சார்... ரிஜெக்ட் ஆனா எங்க மேசைக்குத் திரும்பி வருமில்லையா?”

“வராதே. பதிவேட்டுல பேர் ஏறிட்டு, நேரா ரிப்பேருக்குப் போயிடும். சரி, என்ன செய்யறீங்க, மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுங்களேன்.”

“நகத்தால ஒரு தட்டு தட்டணும் சார். சொல்லிக் குடுக்கறேன்.” அவள் பதிவேட்டை இன்னொரு தரம் பார்த்தாள். “அப்ப என் மருமக எனக்கு...”

“அவங்க எப்படிம்மா உங்க துப்பாக்கியைச் சோதிப்பாங்க? சொந்தக்காரங்களோடதைப் பார்க்கக் கூடாதுன்னு விதி இருக்கே! இடைவேளை முடிஞ்சதும் வண்டி வந்து உங்களோடதை ரெண்டாம் பரிசோதனை அறைக்குக் கொண்டு போயிடும்.” மேனேஜர் சிரித்தார். “அதுசரி, அவங்களை ஏன் மாத்தணும்? தினம் டீ இடைவேளையில உங்களைப் பார்க்க உங்க மேசைக்கே ஓடி வர்றாங்களே. ரெண்டு பேரும் அவ்வளவு ஒட்டுன்னு நினைச்சேன்!”

டீ இடைவேளையில் அவள் ஒருநாளும் மேசையில் இருந்ததில்லை. கேன்டீனில் உட்கார்ந்து, எதிர் மேசைக்காரியிடம் மருமகளைத்தான் திட்டிக்கொண்டிருப்பாள்.

பத்தொன்பது சீட்டும் உள்ளங்கை வியர்வையில் ஊறிப்போயிருந்தன.

“மாத்த வேண்டாம் சார்” என்றாள். “முடிஞ்சா அந்த இடைவேளையை மட்டும் பத்து நிமிஷம் கூட்டிக் குடுங்க. பாவம், என் பொண்ணு டீ குடிச்சு மூணு மாசமாச்சு.”